இரு என்று சொல்லிவிட்டுப் போனவர்

நாற்பத்தோராவது நல்லிணக்கக் கூட்டத்தில், டீ வந்துவிட்டது, வடை வரவில்லை என்று எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், எழுபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தாத்தாவிடம் "இரு" என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டுச் சோலைக்காட்டுக்குள் போன சடையன் திரும்பி வந்தார். போனபோது என்ன வயசோ அதே வயசில்தான் வந்தார், ஒரு முப்பத்தைந்து இருக்கலாம். இடுப்பில் ஒரு துண்டு, தலைமுடியில் சருகு, காலில் அட்டை கடித்த ரத்தம் இன்னும் காயாமல் இருந்தது. சமுதாயக்கூடத்து வாசலில் நின்று, பிளாஸ்டிக் நாற்காலிகளையும் அதில் சாய்ந்து கிடந்த எங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மொக்கச்சாமி எங்கே, நிற்கச் சொல்லிவிட்டுப் போனேனே, என்று கேட்டார். மொக்கச்சாமி என்பது எங்கள் தாத்தா. அவர் செத்து முப்பது வருஷமாகிறது. நான்தான் எழுந்துபோய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன், ஏனென்றால் வருகிறவர்களுக்கு நாற்காலி போடுவதும், பேசியதை மினிட்ஸ் நோட்டில் எழுதுவதும், கடைசியில் கையெழுத்து வாங்குவதும் என் வேலை. மகளிர் குழுவில் என் கையெழுத்துத்தான் பார்க்கும்படி இருக்கும் என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள்.

வந்தவர் சடையன்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மலையாட்களில் மூத்தவரான செல்லி, எழுபத்தாறு வயசு, வந்தவருடைய இடது காதில் கரடி கிழித்த இடத்தைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் பக்கத்தில் யாருக்கும் அவரைத் தெரியாது, ஆனால் அவர் பெயர் தெரியாத ஆளும் கிடையாது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் எழுபத்திரண்டு வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

சண்டை இதுதான். கீழே எங்கள் ஊர்க் கண்மாய் தொடர்ந்து மூன்று வருஷம் வறண்டபோது, தாத்தா பெண்டாட்டியையும் இரண்டு ஆடுகளையும் கூட்டிக்கொண்டு இந்தத் தொரட்டிமட்டத்துக்கு ஏறி வந்தார். அப்போது இங்கே மலையாட்கள் மட்டும்தான் இருந்தார்கள், எப்போதிலிருந்து என்று அவர்களுக்கே தெரியாத காலத்திலிருந்து இருந்தார்கள். தாத்தா அவர்களில் மூப்பனான சடையனைப் பார்த்து, இங்கே இருந்துகொள்ளலாமா என்று கேட்டார். சடையன் "இரு" என்று சொல்லிவிட்டுச் சோலைக்குள் போனார், திரும்பவில்லை. தாத்தா சொன்னபடியே இருந்தார். குடிசை போட்டார், காப்பி நட்டார், சொந்தக்காரர்களை வரவழைத்தார், இன்றைக்கு நாங்கள் நாற்பது குடும்பம். ஆனால் மலையாட்கள் சொல்வது வேறு. சடையன் சொன்னது கொஞ்சம் பொறு என்கிற இரு, சோலைச்சாமியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்கிற இரு. குடியிரு என்கிற இரு இல்லை. இந்த ஒரு வார்த்தைக்காக வேலி பிடுங்கப்பட்டிருக்கிறது, மாடு வெட்டப்பட்டிருக்கிறது, கடைசியாக ஒரு சித்திரை மாசம் இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் கை ஒடிந்தது. அதன் பிறகுதான் மாவட்டத்திலிருந்து உத்தரவு வந்து, மாசத்தில் இரண்டாம் சனிக்கிழமை எல்லோரும் சமுதாயக்கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும் என்று ஆயிற்று. நாற்பது மாசம் மனம்விட்டுப் பேசினோம். நடுவில் ஒருமுறை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரைக் கூட்டிவந்து அந்த வார்த்தைக்குப் பொருள் கேட்டோம். அவர் இரண்டு பொருளும் உண்டு என்று ஒரு மணி நேரம் விளக்கி, இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு வடை வாங்கித் தின்றுவிட்டுக் கடைசி பஸ்ஸில் இறங்கிப்போனார்.

அதனால் சடையன் வந்து "நிற்கச் சொல்லிவிட்டுப் போனேனே" என்று சொன்ன அந்த நொடியிலேயே வழக்குப் பாதி தீர்ந்திருக்க வேண்டும். அது பொறு என்கிற இருதான். மலையாட்கள் பக்கத்தில் ஒரு பெருமூச்சு வந்தது, அதற்குமேல் ஒன்றும் வரவில்லை, அவ்வளவு அலுத்திருந்தார்கள். என் அண்ணன் தங்கமாயன், எங்கள் பக்கத்துக்குத் தலைவர், உடனே சுதாரித்துக்கொண்டார். சரி, பொறு என்றே வைத்துக்கொள்வோம், சாமி என்ன சொன்னது, இருக்கலாம் என்றதா, கூடாது என்றதா, அதைச் சொல்லட்டும் என்றார். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். சடையன் அண்ணனை மேலும் கீழும் பார்த்தார்.

"கேட்டவன் கிட்டத்தான் சொல்லணும். வழியில நிக்கிறவன் கிட்ட எல்லாம் சொல்ல முடியாது."

சொல்லிவிட்டு எழுந்து, சரிவில் இறங்கி, நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். காப்பி காயப்போடும் சிமெண்டுக் களத்தின் வடகிழக்கு மூலையில், பலாமரத்து நிழலில், மொக்கச்சாமியை இங்கேதான் நிற்கவைத்துவிட்டுப் போனேன் என்று சொல்லிப் படுத்தார். படுத்தவர் தூங்கிவிட்டார். மூன்று மாசம் தூங்கினார், நடுவில் கஞ்சிக்கு மட்டும் விழித்தார்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அந்த மூலை என்னவென்று தெரியாது. சடையன் போனபோது அவருக்கு ஒரு பெண்டாட்டியும் நாலு வயசில் ஒரு பெண் குழந்தையும் இருந்தார்கள். பெண்டாட்டி தினமும் வந்து அந்த மூலையில் நின்று சோலையைப் பார்ப்பாள். இரண்டு வருஷம் நின்று பார்த்துக் காய்ச்சலில் செத்துப்போனாள், அங்கேயே புதைத்தார்கள். அந்த நாலு வயசுக் குழந்தைதான் செல்லி. அவர்களில் ஒரு பெண் செத்தால் அவள் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் புதைப்பார்கள். எனக்கு எட்டு வயசிருக்கும்போது எங்கள் அப்பா அந்த இடத்துக்கெல்லாம் சேர்த்து சிமெண்டுப் பூசினார். அன்றைக்கு முழுக்க செல்லி வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் தாகமாக இருக்கும் என்று அம்மா என்னிடம் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தனுப்பினாள். வாங்கிக் குடித்தார். எதற்கு நிற்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. நானும் காலிச் சொம்பை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

நாற்பது கூட்டத்திலும் செல்லி கேட்டது ஒன்றே ஒன்றுதான். நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்குகிறது, டாக்டர் கையை விரித்துவிட்டார், செத்தால் அம்மா பக்கத்தில் வைக்க வேண்டும். நாற்பது கூட்டத்திலும் அண்ணன் சொன்னதும் ஒன்றுதான். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம். அண்ணன் கெட்ட மனுஷர் இல்லை. வக்கீல் அவரைப் பயமுறுத்தி வைத்திருந்தார்: அந்த இடத்தில் ஒரு சவம் இறங்கினால் அது அவர்கள் நிலம் என்பதற்கு அதுவே சாட்சி, வன உரிமை மனுவில் அதைத்தான் முதலில் எழுதுவார்கள், மூலை போனால் களம் போகும், களம் போனால் வீடு போகும். ஒவ்வொரு காப்பிச் செடியையும் தாத்தாவோடு குனிந்து நட்ட கை அண்ணனுடையது. அவருக்கும் போக வேறு ஊர் கிடையாது.

சடையனைத் தொரட்டிமட்டம் எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், ஒரு விருந்தாளியை ஏற்றுக்கொள்கிற மாதிரித்தான், முதலில் கொஞ்சம் உபசாரம், பிறகு கொஞ்சம் சலிப்பு, பிறகு பழக்கம். வருவாய் ஆய்வாளர் அம்மா, நாங்கள் ஆர்.ஐ. அம்மா என்போம், பதிவேட்டில் அவர் வயசு என்று என்ன எழுதுவது என்று மேலே கேட்டார். மேலே ஒரு மாசம் யோசித்து, நேரில் பார்த்தபடி எழுதவும் என்று பதில் வந்தது. ஆதார் எடுக்க வந்த பையன்கள் தூங்குகிறவர் கையைப் பிடித்து மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். ரேகை விழவில்லை. காட்டு மண்ணில் தேய்ந்திருக்கும் என்று சொல்லிப் போய்விட்டார்கள். நர்ஸம்மா ரத்த அழுத்தம் பார்த்து, நம்மில் யாருக்கும் இவ்வளவு நன்றாக இல்லை என்றார். எனக்கு மட்டும் அவரை "அவன்" என்று எழுதுவதா "அவர்" என்று எழுதுவதா என்று நோட்டில் ஒவ்வொரு முறையும் பேனா நின்றது, தாத்தாவுக்குச் சமமான ஆள், என் தம்பி மாதிரி முகம். அதுவரை மலையாட்களை எத்தனை வயசானாலும் அவன் இவன் என்றே எழுதிவந்தேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. எல்லோரையும் அவர் ஆக்கினேன். பழைய நோட்டுகளை எடுத்துத் திருத்தலாமா என்றுகூட நினைத்தேன், நாற்பது கூட்டம், உடம்பில் தெம்பில்லை.

இரு என்ற வார்த்தையை யாரும் சொல்லக்கூடாது என்று யாரும் உத்தரவு போடவில்லை, ஆனால் ஒரு வாரத்தில் அது மலையிலிருந்து காணாமல் போயிற்று. அடுப்பில் பால் பொங்கும்போது வாசலில் கூப்பிடுகிறவரிடம் இரு என்று சொல்ல வாயெடுத்தவர்கள் பாலைப் பொங்கவிட்டு ஓடினார்கள். ஒரு வார்த்தையில் ஒரு மனுஷன் எழுபத்திரண்டு வருஷம் போய்விடலாம் என்றால் யாருக்குத்தான் பயமிருக்காது. ரேஷன் கடைக்காரர் வரிசையில் நிற்கிறவர்களிடம் "இதோ, இதோ, இதோ" என்று மூச்சுவிடாமல் சொல்லக் கற்றுக்கொண்டார். பஸ் டிரைவர் தாமதமாக வருகிறவர்களுக்கு நிற்கவும் முடியாமல் நிற்காமலிருக்கவும் முடியாமல் நடை வேகத்தில் வண்டியை உருட்டினார். மலையாட்களும் அப்படித்தான் இருந்தார்கள். அவர்கள் பேச்சில் நீங்க போங்க கிடையாது, எவரானாலும் நீதான், அதற்காகவே எங்கள் ஆட்கள் எத்தனையோ முறை கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பயத்தில் அவர்களும் நாங்களும் ஒரே மாதிரித் தடுமாறிப் பேசியதில், யார் யாரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கவனிக்க நேரமில்லாமல் போயிற்று.

அதைவிடப் பெரிய தொந்தரவு தூக்கம். சடையன் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் தூக்கம் வந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தூங்கினார்கள், படம் பிடிக்க வந்தவர்கள் போனைப் பிடித்தபடியே தூங்கினார்கள். எழுந்தபோது, பிறந்ததிலிருந்து இப்படித் தூங்கியதில்லை என்றார்கள். செய்தி பரவி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மலையாட்களும் எங்கள் ஆட்களும் ஆளுக்கொரு சாக்கை எடுத்துக்கொண்டு எங்கள் களத்துக்கு வர ஆரம்பித்தார்கள். வேலிச் சண்டையில் ஒருவர் கையை ஒருவர் ஒடித்துக்கொண்ட இருவரும் ஒருநாள் ஒரே சாக்கில், ஒடிந்த கைகளை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து தூங்கினார்கள். நாற்பது கூட்டத்தில் நடக்காததைப் பார்த்து ஆர்.ஐ. அம்மாவுக்குச் சந்தோஷம், இதை அறிக்கையில் எழுதலாமா என்று என்னைக் கேட்டார், கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார், சாயங்காலம் நான்தான் எழுப்பி அனுப்பினேன். இவ்வளவு அசதி இந்த மலையில் இருந்தது என்று எங்களுக்கே தெரியாது. சண்டை போடுவது எத்தனை பெரிய வேலை என்று படுத்த பிறகுதான் எலும்புக்குத் தெரிந்தது. காப்பிக் கொட்டை காயப்போட இடமில்லாமல் அண்ணன் மட்டும் கூரை மேல் பரப்பிவிட்டு, இறங்கி வந்து, தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒருநாளும் படுக்கவில்லை.

செல்லி தினமும் காலையில் மூச்சு வாங்க வாங்கச் சரிவில் இறங்கி, சாமைக் கஞ்சி கொண்டுவருவார். எழுபது வருஷத்தில் முதல்முறையாக எங்கள் வேலிக்குள் வந்தார், பதில் சொல்லப்போகிறவர் பட்டினி கிடக்கக்கூடாது என்பதால் அண்ணனும் தடுக்கவில்லை. அப்பனை எழுப்பி, தலையைத் தூக்கி மடியில் வைத்து, சிரட்டையால் ஊற்றுவார். கீழே அம்மா, மடியில் அப்பா. சடையன் கஞ்சியைக் குடித்துவிட்டு, ஒவ்வொரு நாளும், கெழவி, என் பொண்டாட்டி எங்கே, பொண்ணு எங்கே, இன்னுமா கிழங்கு தோண்டி வரவில்லை என்று கேட்பார். வந்துவிடுவார்கள் என்று செல்லி சொல்வார். சடையனும் மறுபடி தூங்கிவிடுவார்.

அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று நாற்பத்திரண்டாவது கூட்டத்தில் செல்லிதான் கேட்டுக்கொண்டார்.

"சொன்னா அவன் வயசெல்லாம் ஒண்ணா அவன் மேல விழுந்துரும். தாங்க மாட்டான். தூங்கட்டும்."

இரண்டு பக்கமும் தலையாட்டினோம். நோட்டைப் புரட்டிப் பார்த்தால், நாங்கள் ஒருமனதாக எடுத்த முதல் முடிவு அந்தப் பொய்தான்.

நாற்பத்துநாலாவது கூட்டத்தன்று சடையன் தானாகவே விழித்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு சமுதாயக்கூடத்துக்கு ஏறி வந்து, மொக்கச்சாமி இனி வரமாட்டான்போலத் தெரிகிறது, அவன் பேரன் முகத்தில் அவன் மூக்கு இருக்கிறது, மூக்கிடம் சொன்னால் போதும் என்றார். கூடத்தில் உட்கார இடமில்லை, ஜன்னலிலெல்லாம் ஆட்கள். அண்ணன் நடுவில் வந்து நின்றார். தாத்தா கேட்டதை அதே மாதிரி கேட்கச் சொன்னார்கள், இங்கே இருந்துகொள்ளலாமா என்று கேட்டார். 

சடையன் சொன்னது இவ்வளவுதான். அன்றைக்கு அவர் சோலைக்குள் போனார், சாமிமரத்தடியில் நின்று, கீழேயிருந்து ஒருத்தன் வந்திருக்கிறான், பெண்டாட்டியும் ஆடும் கூட இருக்கிறது, இருக்கலாமா என்று கேட்டார். மரத்துக்குள்ளிருந்து சாமி பேசியது.

"இருன்னுச்சு. நானும் இருந்தேன். கொஞ்ச நேரந்தான் இருந்தேன். அப்புறம் ஒண்ணும் காணோம். கால் மரத்துப்போச்சு. ஒரு ஆள நிக்க வெச்சுட்டு வந்துட்டமேன்னு மனசு கேக்கல, எந்திரிச்சு வந்துட்டேன்."

அவ்வளவுதானா என்று யாரோ கேட்டார்கள். அவ்வளவுதான் என்றார்.

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் நடந்ததை நான் நோட்டில் ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன், படிக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கம், சாமி சொன்னது குடியிரு என்கிற இருதான், கேட்ட கேள்விக்கு நேர் பதில் அது என்றார்கள். அவர்கள் பக்கம், சாமி சடையனைப் பார்த்துத்தான் சொன்னது, பொறு என்றது, பொறுக்காமல் வந்துவிட்டார் என்றார்கள். இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாமே என்று அவர்களே அவரைக் கோபித்துக்கொண்டார்கள். இன்னொரு முறை போய்க் கேட்டுவரட்டும் என்று ஒருவர் சொன்னார். அதைக் கேட்டதும் எல்லோருக்கும் ஒன்றாகச் சோர்வு வந்து கூடமே நாற்காலியில் சரிந்தது. அப்போதுதான் செல்லி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இருமி முடிக்கும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பனைப் பார்த்துத்தான் பேசினார்.

"நீ தேடுற பொண்ணு நாந்தான். அம்மா செத்துப்போனா, எழுவது வருசமாச்சு. நீ படுத்திருக்கியே அந்த மூலை, அந்தச் சிமெண்டுக்கு அடியிலதான் கெடக்கா."

ஜன்னலில் நின்றவர்கள் உட்பட எல்லோரும் சடையனையே பார்த்தோம், வயசு விழும், முடி நரைக்கும், முதுகு வளையும் என்று. ஒன்றும் விழவில்லை. சடையன் அப்படியே முப்பத்தைந்து வயசாக, முன்னால் நின்ற பல்லில்லாத கிழவியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். எழுந்துபோய் அவர் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"மூணு மாசமா எனக்கே ஊத்துனியே. நீ குடிச்சியா?"

செல்லி அழுதார். எழுபத்தாறு வயசில் நாலு வயசுக் குழந்தை அழுகிற அழுகை, வாய்விட்டு, மூக்கு ஒழுக. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, நோட்டைப் பார்த்துக்கொண்டேன். அழுது முடித்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அண்ணனிடம் திரும்பி, தங்கமாயா, அடுத்த கூட்டத்துக்கு நான் உயிரோடு வரமாட்டேன், இப்போது சொல்லிவிடு என்றார். அண்ணன் தரையைப் பார்த்தார். எங்கள் ஆட்கள் எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார் அண்ணன். நாற்பத்து மூன்று முறை சொன்ன வாய், அந்தப் பாதையிலேயே போய்விட்டது என்று நினைக்கிறேன். சொன்ன பிறகு அவர் உதடு இன்னும் கொஞ்சம் அசைந்தது, சத்தம் வரவில்லை.

ஆர்.ஐ. அம்மா கடிகாரத்தைப் பார்த்து, முடிவு என்ன என்று எழுதிப் படித்துவிடுங்கள், பஸ் போய்விடும் என்றார். வழக்கமாக அந்த இடத்தில் நான் "பொருள் ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதுவேன். பேனாவை வைத்தேன். ஒத்திவைப்பு என்ற சொல்லை நாற்பத்து மூன்று முறை எழுதிய விரல், நாற்பத்துநாலாம் முறை எழுத மாட்டேன் என்றது. எழுதினேன்: "சிமெண்டுக் களத்தின் வடகிழக்கு மூலையில், தாயாருக்கு அருகில், செல்லி அவர்களின் அடக்கத்துக்கு இடம் ஒதுக்குவதென இரு தரப்பும் ஒருமனதாகத் தீர்மானித்தன." எழுந்து நின்று, எப்போதும் படிக்கிற அதே தொனியில், இறக்கமும் ஏற்றமும் இல்லாமல் படித்தேன். பொய்யெழுத்து எழுதுகிறோம், அதுவும் கூடப் பிறந்தவருக்கு எதிராக எழுதுகிறோம் என்று தெரிந்துதான் படித்தேன். ஆனால் நாற்பத்துநாலாவது கூட்டத்தின் மினிட்ஸை யார் கேட்பார்கள். பாதிப்பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள், சிலர் கொட்டாவி விட்டுக்கொண்டே தலையாட்டினார்கள். நோட்டு சுற்றி வந்தது. ஆர்.ஐ. அம்மா முத்திரை குத்தினார். எங்கள் பக்கம் இருபத்தாறு கையெழுத்து, அவர்கள் பக்கம் பத்தொன்பது கையெழுத்து, ஏழு ரேகை. கடைசியாக அண்ணன் போட்டார். அவர் போடும்போது நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

நிலத் தகராறு இன்னும் முடியவில்லை. இதைச் சொல்கிற இன்றைக்கும் மனு மேலே எங்கேயோ இருக்கிறது, கூட்டம் மாசாமாசம் நடக்கிறது, இப்போது வடை சரியான நேரத்துக்கு வருகிறது. சடையனும் வருவார், வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் தூங்குவார். எங்களில் எவரும் அவரைத் திரும்பவும் சோலைக்குப் போகச் சொல்லவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அதை இல்லை.

அந்தக் கூட்டம் முடிந்த பதினோராம் நாள் விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில் செல்லி இறந்துபோனதாக மேலேயிருந்து ஒரு ஆள் வந்து சொன்னார். அடுப்பை அப்படியே போட்டுவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு அண்ணனைத் தேடினேன். அவர் சண்டைக்கு வருவார், எங்கள் ஆட்களைக் கூட்டுவார், வேலியில் மறுபடியும் கை ஒடியும், அதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று ஓடினேன். அண்ணன் வீட்டில் இல்லை. பின்னால் களத்திலிருந்து சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், வடகிழக்கு மூலையில் கடப்பாரையால் சிமெண்டை உடைத்துக்கொண்டிருந்தார். தனியாகத்தான் உடைத்துக்கொண்டிருந்தார். எப்போது ஆரம்பித்தாரோ, ஒரு ஆள் நீளத்துக்குப் பெயர்ந்திருந்தது, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

அண்ணே, அது நான் எழுதினது, யாரும் அப்படி முடிவெடுக்கவில்லை, நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்று சொன்னேன். மொத்தத்தையும் ஒரே மூச்சில் சொன்னேன். அண்ணன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"படிச்சுட்டுத்தான் போட்டேன், பாப்பா. எம்புட்டு நாளைக்கு வாயால சொல்லிக்கிட்டே இருக்கிறது. முடியல."

சொல்லிவிட்டுக் கடப்பாரையை மறுபடி ஓங்கினார். நானும் மண்வெட்டியை எடுத்தேன். இடுப்பளவு ஆழத்தில் ஒரு சப்பைக்கல் தெரிந்தது, அதுதான் செல்லியின் அம்மாவுடைய தலைமாட்டுக் கல் என்று சேதி கொண்டுவந்த ஆள் சொன்னார், அதற்கு ஒட்டினாற்போல் தோண்டினோம். மலையாட்கள் செல்லியைப் பாயில் சுற்றித் தூக்கி வந்து வேலிக்கு வெளியே நின்றார்கள், உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றார்கள். எங்கள் ஆட்களும் தெருவில் கூடி, அண்ணனைப் பார்த்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். சடையன்தான் யாரையும் பார்க்காமல் குழிக்குள் இறங்கி, மகளை வாங்க இரண்டு கையையும் நீட்டினார். ஆனால் மண் ஈரமாக வழுக்கியது, ஒரு ஆள் தாங்க முடியாது, தலைமாட்டில் ஒருவரும் கால்மாட்டில் ஒருவரும் வேண்டும். செல்லிக்கு அண்ணன் தம்பி கிடையாது, பெற்ற பிள்ளையும் கிடையாது. கால்மாட்டுக்கு யார் என்று சடையன் கேட்டார்.

அண்ணன் கடப்பாரையைப் பலாமரத்தில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, இறங்கி நின்று கையை நீட்டினார்.